ஐ.இ.எல்.டி.எஸ் ரைட்டிங்: 'மோர்ஓவர்', 'ஹவ்எவர்' எல்லாம் போட்டும் பேண்ட் 6-ஐத் தாண்டவில்லையா? சிக்கல் இங்கேதான்!

லிஸனிங் 8, ரீடிங் 7.5, ஸ்பீக்கிங் 7, ரைட்டிங் மட்டும் 6. சராசரி போட்டால் மொத்த ஸ்கோர் 7 வந்துவிடும். ஆனால், பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய இந்த ரிசல்ட் போதாது. அங்குள்ள நர்ஸிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில், ரைட்டிங்கில் குறைந்தபட்சம் 6.5-ம் மற்ற மூன்றில் தலா 7-ம் கேட்கிறது. அந்த அரை பேண்டுக்காக மறுபடியும் கட்டணம் கட்டி, மறுபடியும் படித்து, மறுபடியும் தேர்வு எழுத வேண்டும். அதுவரை வேலை, விசா, வீட்டுக் கடன் கணக்கு எல்லாமே தள்ளிப் போகும்.

வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் தயாராகிறவர்களில் பலருக்கு இடறும் இடம் ரைட்டிங்தான். "இலக்கணம் சரியாத்தானே இருக்கு, நல்ல வார்த்தைகள்தானே போட்டேன், அப்புறம் ஏன் குறையுது?" என்பதுதான் அவர்களின் குழப்பம். பெரும்பாலும் அதற்கான பதில், ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவில் இருக்கிறது.

40 நிமிடம், 250 வார்த்தை

ரைட்டிங் தேர்வுக்கு மொத்தம் 60 நிமிடங்கள். இரண்டு கேள்விகள். முதல் கேள்விக்கு 150 வார்த்தைகள், 20 நிமிடம் போதும். இரண்டாவதுதான் கட்டுரை. குறைந்தது 250 வார்த்தைகள், 40 நிமிடம். முதல் கேள்வியைவிட இரண்டு மடங்கு மதிப்பு இதற்கு உண்டு.

கட்டுரையை நான்கு வகையில் மதிப்பிடுகிறார்கள். கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னீர்களா, கருத்துகளை ஒழுங்காக அடுக்கிக் கோத்தீர்களா, சொல்வளம் எப்படி, இலக்கணம் எப்படி? நான்குக்கும் சம மதிப்பு. அதாவது, சொல்வளத்துக்கு எவ்வளவு மதிப்பெண்ணோ, அதே அளவு அடுக்குவதற்கும் கோப்பதற்கும் உண்டு. ஆனால், வேர்டு லிஸ்ட்டை மனப்பாடம் செய்யும் நேரத்தில் பாதியைக்கூட இதற்கு நாம் கொடுப்பதில்லை.

இந்த மதிப்பீட்டில் இரண்டு விஷயங்கள் உண்டு. 'கோஹிரன்ஸ்' என்றால் கருத்துகள் ஒரு வரிசையில் நகர்வது. 'கொஹீஷன்' என்றால் வாக்கியங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்பது. முதலாவது கட்டடத்தின் பிளான் என்றால், இரண்டாவது செங்கல்லுக்கு இடையில் இருக்கும் கலவை. பிளான் இல்லாமல் கலவையை மட்டும் அள்ளிப் பூசினால் வீடு நிற்காது!

'மேலும்' போட்டால் ஒட்டிவிடுமா?

நகர மையங்களில் தனியார் கார்களைத் தடை செய்ய வேண்டுமா என்பது கேள்வி என்று வைத்துக்கொள்வோம். தேர்வு ஆங்கிலத்தில்தான் என்றாலும், தமிழிலேயே பார்த்தால் சட்டென்று புரியும்.

ஒருவர் இப்படி எழுதுகிறார்:

'முதலாவதாக, கார்கள் காற்றை மாசுபடுத்துகின்றன. மேலும், பார்க்கிங் செய்ய இடம் கிடைப்பதில்லை. அதுமட்டுமல்லாமல், பஸ் கட்டணம் குறைவு. எனவே, கார்களைத் தடை செய்ய வேண்டும்.'

நான்கு வாக்கியம், நான்கு இணைப்புச் சொல். பார்வைக்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால், இரண்டாவது வாக்கியத்தையும் மூன்றாவதையும் இடம் மாற்றிப் பாருங்கள். எதுவுமே மாறாது. ஏனென்றால், அவற்றுக்குள் உறவே இல்லை. மாசு, பார்க்கிங், கட்டணம் என மூன்று தனித்தனி பாயின்ட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

இப்போது இதைப் பாருங்கள்:

'நகர மையத்தில் கார்களைத் தடுத்தால் முதலில் பலனடைவது பஸ் பயணிகள்தான். இன்று ஒரு பஸ்ஸில் இருக்கும் ஐம்பது பேர், ஆளுக்கு ஒருவர் ஓட்டி வரும் கார்களுக்குப் பின்னால் காத்து நிற்கிறார்கள். இந்தக் காத்திருப்பு குறைந்தால், அதே பஸ் ஒரு நாளில் கூடுதல் டிரிப் ஓட முடியும். டிரிப்புகள் கூடினால், காரை வீட்டில் விட்டுவிட்டு வர இன்னும் சிலர் முன்வருவார்கள்.'

'மேலும்' இல்லை. 'அதுமட்டுமல்லாமல்' இல்லை. ஆனால், ஒரு வாக்கியத்தைக்கூட நகர்த்த முடியாது. நான்கும் ஒரே கருத்தை ஒவ்வொரு படியாக மேலே கொண்டுபோகின்றன.

தேர்வு நடத்துபவர்கள் வெளியிட்டிருக்கும் மதிப்பீட்டு விளக்கமும் இதைத்தான் சொல்கிறது. இணைப்பு இயந்திரத்தனமாக இருப்பது பேண்ட் 6-ன் அடையாளங்களில் ஒன்று. பேண்ட் 7-க்கு, கட்டுரை முழுக்கத் தெளிவான முன்னேற்றம் வேண்டும். பேண்ட் 9-ல் இணைப்புகள் படிப்பவரின் கவனத்தை மிக அரிதாகவே ஈர்க்க வேண்டும்!

ஐந்தில் ஒன்றுதான் இணைப்புச் சொல்

மொழியியலாளர்கள் எம்.ஏ.கே.ஹாலிடேயும், இந்தியாவில் பிறந்த ருகையா ஹசனும் 1976-ல் வெளியிட்ட புத்தகம், ஆங்கிலத்தில் வாக்கியங்கள் ஒட்டிக்கொள்ளும் வழிகளை ஐந்தாகப் பிரித்தது. 'ஹவ்எவர்', 'தேர்ஃபோர்' போன்ற இணைப்புச் சொற்கள் அதில் ஒன்றே ஒன்று.

மற்ற நான்கு என்னென்ன? 'இது', 'அவர்கள்', 'இந்தப் பிரச்னை' என்று முன்னால் சொன்னதைச் சுட்டுவது. சொன்ன சொல்லுக்குப் பதில் 'ஒன்', 'டூ ஸோ' போன்ற சிறு சொல்லைப் போடுவது. புரியும் என்பதால் ஒரு சொல்லை விட்டுவிடுவது. முக்கியமான சொல்லையோ, அதன் உறவுச் சொல்லையோ திரும்பக் கொண்டுவருவது.

மேலே உள்ள இரண்டாவது பத்தியில் 'காத்து நிற்கிறார்கள்' என்று முடிந்ததும் 'இந்தக் காத்திருப்பு' என்று அடுத்த வாக்கியம் தொடங்கியதே, அது சுட்டும் உறவுச் சொல்லும் சேர்ந்து செய்த வேலை.

தமிழர்களுக்கு இது புதிதும் அல்ல. ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கமாக வரும் அந்தாதியை நாம் அறிவோம். வாக்கியத்தின் முடிவில் புதிதாக வந்த கருத்தை, அடுத்த வாக்கியத்தின் தொடக்கத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். எல்லா வாக்கியத்திலும் அல்ல. ஒரு பத்திக்கு இரண்டு, மூன்று இடங்களில் அது நடந்தாலே ஓட்டம் வந்துவிடும்.

பள்ளிக்கூடப் பழக்கம்... எது கைகொடுக்கும், எது காலை வாரும்?

முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பள்ளியில் எழுதிய அமைப்பு இங்கேயும் செல்லும். ஆனால், உட்தலைப்பு போட்டு அடிக்கோடு இழுக்கும் பழக்கம் வேண்டாம். பாயின்ட் பாயின்ட்டாக எழுதினாலும் மதிப்பெண் குறையும். கேள்வியின் வரிகளை அப்படியே முன்னுரையில் எடுத்து எழுதினால் அந்த வரிகள் கணக்கில் வராது.

நான்கு பத்திகள் போதும். முன்னுரையில் இரண்டு, மூன்று வாக்கியங்களில் உங்கள் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுங்கள். நடுவில் இரண்டு பத்திகள், ஒவ்வொன்றுக்கும் ஒரே கருத்து. அந்தக் கருத்தைச் சொல்லி, ஏன் என்று விளக்கி, ஓர் உதாரணம் கொடுத்து, அது கேள்விக்கு எப்படிப் பதிலாகிறது என்று முடியுங்கள். முடிவுரையில் புதிதாக எதையும் கொண்டுவர வேண்டாம். முன்னுரையில் 'ஏற்கிறேன்' என்றவர் முடிவுரையில் 'இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது' என்று நழுவினால், அதுவரை அடுக்கியது சரிந்துவிடும்.

இணைப்புச் சொல்லில் அடிக்கடி நடக்கும் தவறுகள்

* 'ஆன் த கான்ட்ரரி' என்பது முன்பு சொன்னதை மறுக்க. மறுபக்கத்தைக் காட்ட 'ஆன் த அதர் ஹேண்ட்'. இரண்டும் ஒன்றல்ல.

* 'ஹவ்எவர்' வைத்து இரண்டு வாக்கியங்களைக் கமா மட்டும் போட்டு இணைக்க முடியாது. முதல் வாக்கியத்தை முற்றுப்புள்ளியிட்டு முடித்துவிட்டு, 'ஹவ்எவர்' என்று அடுத்ததைத் தொடங்குங்கள். கமாவோடு இணைக்க 'பட்' இருக்கிறது.

* 'தேர்ஃபோர்' போட்டால் முன் வாக்கியம் காரணமாகவும், பின் வாக்கியம் அதன் விளைவாகவும் இருக்க வேண்டும். சும்மா அடுத்த பாயின்ட்டுக்குப் போக அது உதவாது.

* 'திஸ்' என்று தொடங்கினால் எதைச் சொல்கிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். 'திஸ் டிலே', 'திஸ் பாலிஸி' என்று ஒரு பெயர்ச்சொல்லைச் சேர்த்துவிட்டால் குழப்பம் இல்லை.

வீட்டில் செய்து பார்க்க மூன்று சோதனைகள்

நீங்கள் எழுதிய பழைய கட்டுரை ஒன்றை எடுங்கள்.

ஒன்று, எல்லா இணைப்புச் சொற்களையும் பென்சிலால் அடித்துவிட்டுப் படியுங்கள். அப்போதும் கருத்து நகர்ந்தால் கட்டுரை நன்றாக இருக்கிறது. தேவைப்படும் இடத்தில் மட்டும் திரும்பச் சேருங்கள்.

இரண்டு, ஒரு பத்தியின் நடுவில் உள்ள இரண்டு வாக்கியங்களை இடம் மாற்றுங்கள். வித்தியாசமே தெரியவில்லை என்றால் அங்கே சங்கிலி அறுந்திருக்கிறது.

மூன்று, ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் வரிசையாக வீட்டில் ஒருவரிடம் தமிழில் சொல்லுங்கள். நீங்கள் என்ன வாதிடுகிறீர்கள் என்று அவருக்குப் புரிந்தால், தேர்வாளருக்கும் புரியும். இதற்கு அவருக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை.

தேர்வு அறையில் 40 நிமிடத்தில் முதல் ஐந்து நிமிடத்தைத் திட்டமிடவே ஒதுக்குங்கள். பக்கத்து சீட்டில் கீபோர்டு தடதடவென்று சத்தம் போடும். பதறாதீர்கள். உங்கள் நிலைப்பாடு, இரண்டு காரணங்கள், இரண்டு உதாரணங்கள் என ஐந்தே வரிகளைக் குறித்துக்கொண்ட பிறகு எழுதத் தொடங்குங்கள். கடைசி ஐந்து நிமிடம் சரிபார்க்க. நடுவில் இருக்கும் அரை மணி நேரம் 250 வார்த்தைக்குத் தாராளம்!