ஒரு ஜீன் போனால் பிழைக்கும்; இரண்டும் போனால் சாகும்!
ஈஸ்டை வைத்து நடந்த அதிசய ஆராய்ச்சி

ரொட்டி மாவைப் பொங்க வைப்பது ஈஸ்ட். அது ஒரே ஓர் உயிரணு கொண்ட சின்னஞ்சிறு உயிர். கண்ணுக்குத் தெரியாது.

இந்த ஈஸ்டுக்குள் சுமார் 6 ஆயிரம் ஜீன்கள் இருக்கின்றன. உயிரணு என்ன வேலை செய்ய வேண்டும் என்ற உத்தரவுகள்தான் ஜீன்கள். மனிதனுக்கும் ஜீன் உண்டு. தாய் தகப்பனிடம் இருந்து பிள்ளைக்கு வருவது அதுதான்.

ஈஸ்டின் ஒரு ஜீனை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?

விஞ்ஞானிகள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய ஆயிரம் ஜீன்கள்தான், இல்லாவிட்டால் ஈஸ்ட் சாகும் என்று தெரிந்தது. மற்ற 5 ஆயிரத்தில் எந்த ஒன்றை எடுத்தாலும் ஈஸ்ட் பிழைத்துக்கொண்டது!

அப்படியானால் அந்த ஜீன்கள் வீணா? இல்லை.

இரண்டு கிணறு

ஓர் ஊரில் இரண்டு கிணறுகள் இருக்கின்றன. ஒன்று வற்றினால் மற்றதில் தண்ணீர் எடுக்கலாம். இரண்டும் வற்றினால்? ஊரே தவிக்கும். ஜீன்களும் அப்படித்தான்.

கனடாவில் உள்ள டொரண்டோ பல்கலைக்கழகத்தில் சார்லஸ் பூன், பிரெண்டா ஆண்ட்ரூஸ் என்ற விஞ்ஞானிகள் இதை ஆராய்ந்தார்கள். ஒரு ஜீன் இல்லாத ஈஸ்டையும், வேறொரு ஜீன் இல்லாத ஈஸ்டையும் இனம் சேர்த்தார்கள். இரண்டு ஜீனும் இல்லாத ஈஸ்ட் கிடைத்தது. எந்திரக் கை அவற்றைத் தட்டுகளில் புள்ளி புள்ளியாக வைத்தது. புள்ளி பெரிதாக வளர்ந்தால் ஈஸ்டுக்கு நல்ல பலம். சிறிதாக இருந்தால் பலவீனம்.

கணக்கு சுலபம்

ஒரு ஜீன் போனால் வளர்ச்சி 100-ல் இருந்து 80 ஆகிறது. இன்னொன்று போனால் 50. இரண்டும் போனால் 80-ல் பாதி, அதாவது 40 இருக்க வேண்டும்.

40 இருந்தால், இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை.

40-க்குக் குறைந்தால், ஒன்றுக்கொன்று கைகொடுத்து வந்தவை என்று பொருள். சில ஜோடிகளில் ஈஸ்ட் செத்தே போகும்.

40-க்கு மேல் இருந்தால், சில சமயம் இரண்டும் ஒரே வேலையில் கூட்டாளிகளாக இருக்கலாம். கயிறு அறுந்த பிறகு வாளி ஓட்டையானால் என்ன, புதிதாக நஷ்டம் உண்டா?

2016-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். சுமார் 2 கோடியே 30 லட்சம் ஜோடிகளைச் சோதித்திருந்தார்கள்! கைகொடுக்கும் வகை சுமார் 5½ லட்சம். மற்ற வகை சுமார் 3½ லட்சம்.

புற்றுநோய்க்கு மருந்து

இதனால் மனிதனுக்கு என்ன லாபம்?

புற்றுநோய் அணுக்களில் சில ஜீன்கள் ஏற்கெனவே கெட்டிருக்கும். அதாவது, ஒரு கிணறு வற்றிவிட்டது. மற்ற கிணற்றையும் மருந்தால் மூடினால் நோய் அணு சாகும். நல்ல அணுவுக்கு முதல் கிணறு இருக்கிறது. அது பிழைக்கும். இந்த வழியைத் தேடலாம் என்று ஈஸ்ட் ஆராய்ச்சியில் புகழ் பெற்ற லீலண்ட் ஹார்ட்வெல் 1997-ம் ஆண்டிலேயே தோழர்களுடன் சேர்ந்து எழுதினார். 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சில பெண்களுக்கு 'பி.ஆர்.சி.ஏ.' என்ற ஜீன் பழுதாவதால் சினைப்பையில் புற்றுநோய் வருகிறது. அந்த நோய் அணுக்கள் 'பார்ப்' என்ற இன்னொரு பொருளை நம்பிப் பிழைக்கின்றன. அதைத் தடுத்தால் அவை சாகும் என்று 2005-ல் கண்டுபிடிக்கப்பட்டது. அப்படித் தடுக்கும் 'ஒலாபரிப்' என்ற மருந்துக்கு அமெரிக்க அரசு 2014-ல் அனுமதி கொடுத்தது.

இப்படிப்பட்ட வேறு ஜோடிகளையும் மனித உயிரணுக்களில் விஞ்ஞானிகள் தேடி வருகிறார்கள்.