விலையில்லா அறிவியல் ஆவணங்களும் தமிழ்வழிப் பயின்றோரும்

1. முன்னுரை

அறிவியல் ஆய்வு முடிவுகள் பெரும்பாலும் ஆய்விதழ்கள் வாயிலாகவே வெளிவருகின்றன. அவ்விதழ்களுள் பலவற்றின் சந்தா, சிற்றூர்க் கல்லூரி நூலகங்களின் நிதிக்குள் அடங்குவதன்று. நிறுவனம் எதையும் சாராத ஆர்வலருக்கு அவை எட்டாதனவாகவே உள்ளன. இக்குறையைப் போக்க, இணையத்தில் விலையின்றிப் படிக்கத்தக்க ஆவணத் தொகுப்புகள் தோன்றியுள்ளன. அவற்றுள் முன்னோடியான ‘ஆர்க்கைவ்’ என்னும் தொகுப்பின் அமைப்பையும், அதனைப் பயன்கொள்வதில் தமிழ்வழிப் பயின்றோர்க்கு நேரும் மொழித்தடையையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

2. தோற்றமும் வளர்ச்சியும்

இயற்பியலாளர்கள் தம் கட்டுரை இதழில் அச்சாகுமுன்பே அதன் படிகளைத் தமக்கு அறிமுகமானோர்க்கு அஞ்சலில் அனுப்புவது வழக்கமாக இருந்தது. இப்படிகளை ‘முன்னச்சு’ எனலாம். அறிமுக வட்டத்திற்கு வெளியே இருந்தோர்க்கு இவை கிட்டுவது அரிது. 1991 ஆகஸ்டில், அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகத்தில் பணியாற்றிய பால் கின்ஸ்பார்க், முன்னச்சுகளை ஒரே கணிப்பொறியில் சேமித்து மின்னஞ்சல் வழியே வழங்கும் முறையைத் தொடங்கினார். 2001இல் இத்தொகுப்பு கார்னெல் பல்கலைக்கழகத்திற்கு மாறியது. இயற்பியல், கணிதம், கணிப்பொறியியல், புள்ளியியல் முதலிய துறைகளில் 20 லட்சத்திற்கும் மேற்பட்ட கட்டுரைகள் இன்று இதில் உள்ளன. படிப்போரும் கட்டுரை அளிப்போரும் கட்டணம் செலுத்த வேண்டுவதில்லை.

3. முன்னச்சைப் படிக்கும் முறை

இதில் இடம்பெறுவதனாலேயே ஒரு கட்டுரை சரியென்று ஏற்கப்பட்டதாகக் கொள்ளலாகாது. கட்டுரை அத்துறைக்கு உரியதா என்பது போன்ற தொடக்கநிலைச் சரிபார்ப்பு மட்டுமே நடைபெறுகிறது. இதழ்கள் செய்விக்கும் வல்லுநர் மதிப்பீடு இங்கு இல்லை. இதன் இருபுறங்களையும் இரு நிகழ்ச்சிகள் உணர்த்தும்.

ருஷ்யக் கணித அறிஞர் கிரிகோரி பெரல்மான், புவான்கரே ஊகத்தை மெய்ப்பிக்கும் கட்டுரைகளை 2002, 2003 ஆகிய ஆண்டுகளில் இத்தொகுப்பில் மட்டுமே வெளியிட்டார். பிற அறிஞர்கள் சில ஆண்டுகள் ஆராய்ந்து அவற்றை ஏற்றனர். மாறாக, நியூட்ரினோ துகள்கள் ஒளியைவிட விரைந்து சென்றதாக ஓபரா ஆய்வுக்குழுவின் அளவீடு ஒன்று 2011 செப்டம்பரில் இதே தொகுப்பில் வெளியாயிற்று. ஒளியிழை வடம் ஒன்றின் இணைப்பு சரியாகப் பொருந்தாமையே பிழைக்கு முதன்மைக் காரணம் என்பது 2012இல் புலப்பட்டது.

எனவே படிப்போர் ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய எண்ணை நோக்குதல் வேண்டும். 2007 ஏப்ரல் முதல், அவ்வெண்ணின் முதல் நான்கு இலக்கங்கள் ஆண்டையும் திங்களையும் குறிக்கின்றன. 1109 எனத் தொடங்கினால் அது 2011 செப்டம்பரில் அளிக்கப்பட்டது என அறியலாம். திருத்திய வடிவங்களும் பழைய வடிவங்களும் வரிசையாகக் காக்கப்படுகின்றன. பின்னர் இதழில் வெளியாகியிருப்பின், ஆசிரியர் அதனைக் குறிப்பிடுவதும் உண்டு.

4. மொழித்தடை

விலை நீங்கினும் மொழி நிற்கிறது. கட்டுரைகளுள் மிகப் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் அமைந்தவை; தேடுசொல்லும் ஆங்கிலமே. ‘ஒளிவிலகல்’, ‘ஒளி எதிரொளிப்பு’ ஆகிய கருத்துகளைத் தமிழ்வழிப் பயின்ற மாணவர் ஐயமறக் கற்றிருக்கிறார். தமிழில் இவ்விரு சொற்களும் தம் பொருளைத் தாமே விளக்கி நிற்கின்றன. ஆனால் ‘ரிஃப்ராக்‌ஷன்’, ‘ரிஃப்ளெக்‌ஷன்’ என்னும் ஆங்கிலச் சொற்கள் ஒலியால் நெருங்கியவை. எது எதற்குரியது என்பதில் அவர் மயங்க நேரிடும். அவரிடம் குறைவது அறிவியல் அறிவன்று, தேடுதற்குரிய சொல்லே. அச்சொல் இன்மையால், திறந்து கிடக்கும் தொகுப்பு அவருக்கு மூடியதாகிறது.

இதற்குத் துணையாவது கலைச்சொல் பட்டியல். 2003இல் தொடங்கப்பெற்ற தமிழ் விக்கிப்பீடியாவும் இவ்வகையில் உதவும். அதிலுள்ள தமிழ்க் கட்டுரையிலிருந்து அதே பொருள் பற்றிய ஆங்கிலக் கட்டுரைக்குச் செல்லும் இணைப்பைப் பின்பற்றினால், அங்குள்ள தலைப்பே தேடுசொல்லாகிவிடும்.

5. முடிவுரை

கலைச்சொல்லாக்கத்தைப் பிறமொழிச் சொல்லை அகற்றும் முயற்சியாக மட்டும் கருதுவது பொருந்தாது. தமிழிலிருந்து ஆங்கிலத்திற்கும், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் செல்லத்தக்க இருவழி அகரநிரல் ஒவ்வொரு பாடநூலின் இறுதியிலும் அமைதல் வேண்டும். தமிழில் அறிவியல் எழுதுவோர், தாம் சுட்டும் முன்னச்சின் எண்ணையும் தருதல் நன்று. இவை நிறைவேறின், தாய்மொழியில் பெற்ற அறிவு உலக ஆய்வுக்குள் நுழையும் வாயிலாகும். இல்லையேல், விலையில்லாப் பொருளும் சிலர்க்கே உரியதாய் நின்றுவிடும்.