சத்திமாற்றிகளும் அவற்றின் பயனும்

உலகில் நிகழும் மாற்றங்கள் யாவற்றிலும் சத்தியானது ஓர் உருவத்தினின்றும் மற்றோர் உருவத்தை அடைகின்றது. விறகு எரியும்போது இரசாயனச் சத்தி வெப்பமாகின்றது. இலக்சபானவில் உயரத்தினின்றும் இறங்கும் நீரின் சத்தி மின்சத்தியாகின்றது. சத்தி ஆக்கப்படுவதுமில்லை, அழிக்கப்படுவதுமில்லை. உருவம் மட்டுமே மாறுகின்றது என்பது பௌதிகவியலின் அடிப்படை விதி. இம்மாற்றத்தை வேலை செய்வித்தற்பொருட்டுக் கையாளுவன பொறிகள். ஆனால் வேலையைக் கருதாது, செய்தியைக் கருதி இம்மாற்றத்தைக் கையாளும் கருவிகளும் உள. இவையே சத்திமாற்றிகள் ஆகும். ஆங்கிலத்தில் 'ட்ரான்ஸ்டியூசர்' என வழங்கும் பெயர், 'அப்பால் இட்டுச் செல்லுதல்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. ஒரு புறத்தே நிகழ்வதை மறுபுறத்தே வேறொரு மொழியிற் சொல்லும் மொழிபெயர்ப்பாளன் போன்றது சத்திமாற்றி எனின் அது மிகையாகாது.

மொழிபெயர்ப்பின் தேவை யாது? வெப்பம், அமுக்கம், ஒலி, ஒளி, நிறை என்பன ஒவ்வொன்றும் தத்தம் இயல்பிலே உள்ளவாறு நெடுந்தூரம் கொண்டு செல்லத்தக்கன அல்ல. மின்னோட்டமோ கம்பி வழியே கணத்திற் செல்லும், பெருக்கப்படும், பதியப்படும், எண்ணாக மாற்றப்படும். ஆதலின் அளவிடவேண்டிய எதனையும் முதலில் மின்குறியாக மாற்றிக்கொள்வது இக்காலப் பொறியியலின் வழக்கமாயிற்று.

இம்மாற்றம் நிகழும் வழிகளுள் முதன்மையானது மின்காந்தத் தூண்டல். காந்தப்புலத்தில் அசையும் கடத்தியில் மின் தோன்றும் என்பதை மைக்கேல் பரடே 1831இல் நிறுவினார். ஒரு மென்றகட்டுடன் சிறு கம்பிச் சுருள் ஒன்றை இணைத்து, அதனைக் காந்தத்தின் முனைகளுக்கிடையே வைத்தால், பேசுவோர் குரலுக்கேற்ப மென்றகடு அதிர, சுருளில் அதே அதிர்வுடைய மின்னோட்டம் எழும். இது ஒலிவாங்கி. அச்சுருளுக்கே மின்னோட்டத்தைச் செலுத்தினால் மென்றகடு அதிர்ந்து ஒலியைப் பிறப்பிக்கும். இது ஒலிபெருக்கி. கிரகாம் பெல் 1876இல் அமைத்த தொலைபேசியில் ஒரே வகைக் கருவி வாயாகவும் செவியாகவும் பயன்பட்டது இதனாலேயே. இவ்வாறு இருதிசையிலும் தொழிற்படுவன சத்திமாற்றிகளுள் ஒரு சாரார். எனினும் மாற்றம் நட்டமின்றி நிகழ்வதில்லை. சாதாரண ஒலிபெருக்கிக்கு ஊட்டப்படும் மின்சத்தியில் நூற்றுக்குச் சில பங்கே ஒலியாகின்றது. எஞ்சியது வெப்பமாகக் கழிகின்றது.

இரண்டாவது வழி வெப்பமின் விளைவு. செருமனிய அறிஞர் சீபெக்கு 1821இல், வேறுபட்ட இரு உலோகங்களை இரு முனைகளிலும் பொருத்தி, ஒரு பொருத்தைச் சூடாக்கியபோது அருகிலிருந்த காந்தவூசி திரும்புவதைக் கண்டார். வெப்பம் காந்தத்தையே பிறப்பிக்கின்றது என அவர் கருதினார். சுற்றில் மின்னோட்டம் பாய்வதே காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. செம்பும், செம்பு நிக்கற் கலப்புலோகமாகிய கொன்சுதந்தனும் சேர்ந்த வெப்பவிணையில், பொருத்துக்களின் வெப்பநிலை ஒரு பாகை வேறுபடின், ஒரு உவோற்றின் பத்திலட்சத்தில் ஏறக்குறைய 40 பங்கு அழுத்தவேறுபாடு தோன்றும். மிகச் சிறிதெனினும் அளவிடத்தக்க அளவே இது. வேறு உலோகங்களாலான வெப்பவிணைகள், இரசவெப்பமானி தாங்கவியலாத உலைகளிலும் எந்திரங்களிலும் இன்று வெப்பநிலையை அறிவிக்கின்றன.

மூன்றாவது வகை வேறுபாடானது. இங்கே சத்திமாற்றி தானாக மின்னைப் பிறப்பிப்பதில்லை. மின்கலம் தரும் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துவதே அதன் தொழில். ஒரு மெல்லிய கம்பியை இழுத்தால் அது நீண்டு மெலிகின்றது. அதனால் அதன் மின்தடை கூடுகின்றது. இத்தகைய கம்பியை ஓர் உலோகத் தண்டின்மேல் ஒட்டிவிட்டால், தண்டு சுமையால் எவ்வளவு வளைகின்றதென்பதைத் தடைமாற்றம் காட்டிக்கொடுக்கும். 1938ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் சிம்மன்சு, இரூசு என்னும் இருவர் தனித்தனியே இவ்விகாரமானியை அமைத்தனர். கடைத்தெருவில் அரிசி நிறுக்கும் மின்தராசின் உள்ளேயும், பாலங்களின் தாங்குதிறனைச் சோதிக்கும் கருவிகளிலும் இருப்பது இதுவே.

இவை யாவற்றினும் வியத்தகு வரலாறுடையது நான்காவது வகை. அவ்வரலாறு இலங்கையில் தொடங்குகின்றது. இந்நாட்டு மணற்படைகளில் பல நிறங்களிற் கிடைக்கும் தோரமல்லி என்னும் மணியை ஒல்லாந்தர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். ஆங்கிலத்தில் 'தூர்மலின்' என வழங்கும் பெயரும் அச்சிங்களச் சொல்லின் திரிபேயாம். இக்கல்லைத் தணலிலிட்டுச் சூடாக்கினால் அது சாம்பலைத் தன்பால் இழுப்பதைக் கண்ட ஒல்லாந்தர் அதனைச் 'சாம்பல் இழுப்பான்' என்றனர். சூட்டினால் கல்லின் ஒரு முனை நேர்மின்னும் மறுமுனை மறைமின்னும் கொள்கின்றது என்பதை ஏப்பினசு என்பார் 1756இல் விளக்கினார்.

சூடேற்றும்போது பளிங்கு விரிகின்றது. அங்ஙனமாயின், சூடின்றி அமுக்கத்தால் மட்டும் அதன் உருவத்தை மாற்றினாலும் மின் தோன்றவேண்டுமன்றோ? இவ்வினாவை எழுப்பி, 1880இல் சோதனை மூலம் விடைகண்டோர் பிரெஞ்சுச் சகோதரர்களாகிய யாக்கு கியூரி, பியர் கியூரி என்போர். தோரமல்லி, படிகம், புட்பராகம் முதலியவற்றை அமுக்கியபோது அவற்றின் முகங்களில் மின்னேற்றம் தோன்றிற்று. இதன் காரணம் பளிங்கின் உள்ளமைப்பே. படிகத்தில் நேர்மின்னுடைய சிலிக்கன் அணுக்களும் மறைமின்னுடைய ஒட்சிசன் அணுக்களும் ஓர் ஒழுங்கில் அடுக்கப்பட்டுள்ளன. அமுக்காதபோது இருவகை மின்னேற்றங்களின் மையங்களும் ஒன்றிக் கிடக்கின்றன. அமுக்கியதும் அவை சிறிது விலகுகின்றன. விலகவே முகங்களில் மின் வெளிப்படுகின்றது. சமச்சீர் மையமுடைய பளிங்குகளில் எவ்வாறு அமுக்கினும் இவ்விலகல் நிகழாது. மறுதலையாக, மின்னழுத்தம் கொடுத்தால் பளிங்கு சுருங்கி விரியவேண்டும் என்று இலிப்மன் 1881இல் கணித்துக் கூறினார். கியூரி சகோதரர் அதனையும் சோதித்து உறுதிசெய்தனர்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆய்வுகூடத்தில் அடங்கிக் கிடந்த இவ்வுண்மை, முதலாம் உலகப்போரின்போது கடலுக்குட் சென்றது. நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறிதற்பொருட்டுப் போல் இலாஞ்சவன் என்னும் பிரெஞ்சு அறிஞர் படிகத் துண்டுகளை உருக்குத் தகடுகளுக்கிடையே பொருத்தி, மின்னால் அவற்றை அதிரச்செய்து, செவிக்கெட்டா மீடிறனுடைய ஒலியை நீரிற் செலுத்தினார். எதிரொலி திரும்பி வந்து அதே படிகத்தை அமுக்கியபோது மின் எழுந்தது. இன்று மீன்பிடி வள்ளங்களிலுள்ள ஆழமானி இம்முறையினதே. வைத்தியசாலையில் கருவிலுள்ள சிசுவைக் காட்டும் கருவியும் இதன் வழித்தோன்றலே. கிளாசுகோவில் இயன் டொனால்ட் என்னும் வைத்தியரும் அவர்தம் துணைவரும் இத்துறையில் தம் முடிவுகளை 1958இல் வெளியிட்டனர். உடலின் மென்றசைகளில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 1540 மீற்றர் செல்லும். ஆகவே எதிரொலி ஒரு செக்கனின் பதினாயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் மீளுமாயின், அதனைத் தந்த உறுப்பு 7.7 சதமமீற்றர் ஆழத்தில் உள்ளதென அறியலாம். கைக்கடிகாரத்திலுள்ள படிகமும் இவ்வியல்பினாலேயே செக்கனுக்கு 32,768 முறை அதிர்கின்றது. இவ்வெண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் செக்கனுக்கு ஒன்று எஞ்சும்.

இக்கருவிகள் வெறும் வசதிக்குரியன அல்ல என்பதை இலங்கை பெருந்துயரத்தினூடாக அறிந்தது. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாட் காலை ஏறக்குறைய ஏழு மணியளவில் சுமாத்திராவுக்கு அண்மையில் கடலடி பிளந்தது. அவ்வதிர்ச்சியை உலகெங்குமுள்ள பூமியதிர்ச்சிப் பதிகருவிகள் சில நிமிடங்களிற் பதிந்தன. அவையும் சத்திமாற்றிகளே. ஆயின் நிலம் அதிர்ந்ததை அவை கூறினவேயன்றிக் கடல் எழுந்ததைக் கூறவில்லை. கூறவும் அவற்றால் இயலாது. கடலின் ஆழம் 4000 மீற்றராக உள்ளவிடத்து அத்தகைய பேரலை மணிக்கு ஏறக்குறைய 700 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும். எனினும் ஆழ்கடலில் அதன் உயரம் ஒரு மீற்றரும் இராமையின் மேலே செல்லும் கப்பலுக்கும் அது புலப்படாது. அலை இலங்கையின் கீழ்க்கரையை அடைய இரண்டு மணிநேரமளவு சென்றது. அவ்விரண்டு மணிநேரத்திலும் முல்லைத்தீவிலோ மட்டக்களப்பிலோ காலியிலோ கரையில் நின்றோருக்கு எவ்வகை எச்சரிக்கையும் கிட்டவில்லை. இந்நாட்டில் மட்டும் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

அலையை அறியவல்ல கருவி அக்காலத்தும் இருந்தது. பசிபிக் சமுத்திரத்திற் பணிபுரிந்தது. இந்து சமுத்திரத்தில் மட்டும் அது இருக்கவில்லை. கடலடியில் வைக்கப்படும் அமுக்கமானியே அக்கருவி. காற்றால் எழும் சாதாரண அலைகளின் அமுக்கம் ஆழத்தே செல்லச் செல்ல மங்கி மறையும். மிக நீண்ட சுனாமி அலையின் அமுக்கமோ அடிவரை செல்லும். ஆதலின் கடலே தேவையற்ற இரைச்சலை வடித்து, வேண்டிய செய்தியை மட்டும் கீழே அனுப்புகின்றது. நீரின் அமுக்கம் ஒரு சிறு படிகத்தை நெருக்க, அதன் அதிர்வு மீடிறன் நுண்ணிதாக மாறுகின்றது. 4000 மீற்றர் நீருக்கு அடியில் ஒரு சதமமீற்றர் உயர்வை அறிதலாவது நான்கு இலட்சத்தில் ஒரு பங்கை அறிதலாகும். படிகம் அதனையும் பிரித்தறிய வல்லது.

அங்கிருந்து செய்தி கரைசேரும் வழியை நோக்குக. அமுக்கம் படிகத்தில் விகாரமாகின்றது, விகாரம் மின்குறியாகின்றது, மின்குறி மற்றொரு சத்திமாற்றியால் ஒலியாகி நீரினூடே மேலெழுகின்றது, மிதவை அவ்வொலியை மீண்டும் மின்னாக்கி, வானொலி அலையாகச் செய்மதிக்கு அனுப்புகின்றது, செய்மதி நிலையத்துக்குச் சொல்கின்றது, ஈற்றில் கரையோர ஊதுகுழல் மின்னை ஒலியாக்குகின்றது. இத்தனை மொழிபெயர்ப்புக்களுள் ஒன்று தவறினும் முடிவில் மௌனமே எஞ்சும். 2006 மார்கழியில் இத்தகைய மிதவையொன்று தாய்லாந்தின் முயற்சியால் இந்து சமுத்திரத்தில் இடப்பட்டது. 2007இல் இந்தியா ஐதராபாத்தில் எச்சரிக்கை நிலையத்தை நிறுவியது. 2011இல் இச்சமுத்திரத்து நாடுகளின் பொது எச்சரிக்கை அமைப்பு இயங்கத் தொடங்கியது.

எனினும் கருவியை நட்டுவிட்டதோடு கடமை முடிந்துவிடாது. சத்திமாற்றி எதுவும் தான் அளக்கும் பொருளிலிருந்து சிறிது சத்தியைக் கவர்ந்தே பேசுகின்றது. சில துளி வெந்நீரில் வெப்பமானியை இட்டால் நீரே குளிர்ந்துவிடும். மேலும் காலஞ் செல்லச் செல்லப் பளிங்கு மாறும், கம்பி துருப்பிடிக்கும், உப்புநீர் மிதவையை அரிக்கும். அறிந்த ஓர் அளவோடு ஒப்பிட்டு அவ்வப்போது அளவுகோடிடாத கருவி, மொழி மறந்த மொழிபெயர்ப்பாளனை ஒக்கும். அது மௌனமாயிருப்பினும் ஆபத்து. பிழைபடப் பேசினாலோ அதனினும் பேராபத்து.

ஈற்றில் ஒன்று கூறத்தகும். ஊதுகுழலின் ஒலி காதை அடையும்போது உட்செவியின் மயிர்க்கலங்கள் அவ்வதிர்வை மீண்டும் மின்குறியாக்கி மூளைக்கு அனுப்புகின்றன. கடலடியில் தொடங்கிய சங்கிலியின் இறுதிச் சத்திமாற்றி மனிதனின் செவியேயாம். அதற்கப்பால் நிகழவேண்டிய மாற்றம் ஒன்றுண்டு: கேட்டதைச் செயலாக்குதல். அதனை எந்தப் படிகமும் மனிதனுக்காகச் செய்துவிடாது. கடலோர ஊர்களின் பாடசாலைகளில் ஊதுகுழலின் பொருளையும் உயர்நிலத்துக்குச் செல்லும் வழியையும் கற்பிப்பதும் இச்சங்கிலியின் ஒரு கண்ணியே. சாம்பலை இழுக்கும் ஒரு விந்தைக் கல்லாகத் தொடங்கிய அறிவு, அக்கண்ணியிலேதான் உயிர்காக்கும் அறிவாக நிறைவுறுகின்றது.