திறப்பு விழாவுக்கு நான்கு நாள் முன்பு

எர்ணாகுளம் போகும் நம் சங்கக் குடும்பங்கள், பாலக்காட்டிலிருந்து ரயிலில் போனாலும் மூணாறிலிருந்து பஸ்ஸில் போனாலும், படகேறி ஃபோர்ட் கொச்சிக்குச் சென்று சீன வலைகளைப் பார்க்காமல் திரும்புவதில்லை. அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் சாந்தா குரூஸ் பேராலயம். அதனுள் சென்று கால் மணி நேரம் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்வதற்கே இக்கட்டுரை.

அங்குள்ள ஓவியங்களைத் தீட்டியவர் அந்தோனியோ மொஸ்கேனி என்னும் இத்தாலியர். 1854ல் வட இத்தாலியில் பெர்கமோ நகரை அடுத்த ஸ்டெட்சானோவில் பிறந்தார். பெர்கமோவின் கராரா கலைக்கழகத்தில் பயின்றார். பின்னர் ரோமுக்குச் சென்று வத்திக்கானின் பெரும் ஓவியங்களைக் கண்டு கற்றார். தேவாலயங்களில் மனித உருவங்களை வரைந்து பெயர் பெற்றார். 1889ல், 35 வயதில், இயேசு சபையில் சேர்ந்தார். பாதிரியார் ஆகவில்லை, சகோதரராகவே இருந்தார். தூரிகைதான் அவருடைய ஊழியம்.

1899ல் மங்களூர் வந்தார். அந்த ஊருக்கு ரயில் வந்ததே 1907ல்தான். அங்கே புனித அலோசியஸ் கல்லூரியின் சிற்றாலயத்தை, சுவரோவியமும் கான்வாஸ் ஓவியமுமாக, சுமார் இரண்டரை ஆண்டுகளில் நிரப்பினார்.

ரயில்வேயில் பழைய பாலங்களைப் பழுது பார்த்தவன் என்ற முறையில் சுண்ணாம்புக் காரையின் குணம் எனக்கு ஓரளவு தெரியும். ஈரச் சுவரோவியத்துக்கு அன்றன்று முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டுமே காரை பூசுவார்கள். அது காய்வதற்குள் நீரில் குழைத்த வண்ணத்தைத் தீட்டிவிட வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக் கல்லாக இறுகும்போது வண்ணமும் அதனுள் சிக்கிக்கொள்ளும். தவறினால் அழித்து எழுத முடியாது; காரையைக் கொத்தி எடுத்து மறுபடி பூச வேண்டியதுதான். தஞ்சைப் பெரிய கோயிலில் 1931ல் வெளிப்பட்ட சோழர் கால ஓவியங்கள் ஆயிரம் ஆண்டுகள் நிலைத்ததற்கும் சுண்ணாம்பின் இந்த உறுதியே காரணம்.

லியோனார்டோ டா வின்சி மிலான் நகரில் தீட்டிய 'கடைசி இராவுணவு' ஓவியமோ உலர்ந்த சுவரில் எழுதப்பட்டது. சில பத்தாண்டுகளிலேயே உதிரத் தொடங்கிவிட்டது. அதே காட்சியை, லியோனார்டோவை அடியொற்றி, மொஸ்கேனி கொச்சியில் தீட்டினார். கிறிஸ்துவின் பாடுகளையும் மரணத்தையும் காட்டும் 7 பெரிய கான்வாஸ் ஓவியங்கள் அங்கே உள்ளன. அவருடன் உழைத்தவர் மங்களூரைச் சேர்ந்த சீடர் டி காமா.

பேராலயத்தின் அபிஷேகம் 1905 நவம்பர் 19 அன்று நடந்தது. மொஸ்கேனி அதைப் பார்க்கவில்லை. நவம்பர் 15 அன்று, 51 வயதில், கொச்சியிலேயே கண் மூடினார். பிறந்த ஊரையும் திரும்பப் பார்க்கவில்லை. முடித்த வேலைக்கு விளக்கேற்றியதையும் பார்க்கவில்லை.

கட்டுமான வேலையில் இருந்தவர்களுக்கு இது புதிதல்ல. ரிப்பன் வெட்டும் நாளில் கொத்தனார் வேறு ஊரில் இருப்பார். கல்வெட்டில் அவர் பெயர் இராது. மொஸ்கேனிக்குப் பெயராவது நிலைத்தது. மூணாறு மலையில் ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலை 1924 வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. அந்த மலைகளில் தேயிலை நட்டு, பாதை வெட்டி உழைத்த நம் முன்னோரில் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்?

அடுத்த முறை கொச்சி போகும்போது பிள்ளைகளை அந்த ஓவியங்களின் முன் நிறுத்தி, வரைந்தவர் கதையைச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் தாத்தா பாட்டியிடம், இந்த ஊரில் அவர்கள் எதைக் கட்டினார்கள், எதை நட்டார்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். கேட்டுச் சொல்ல ஆள் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும். நான்கு நாள் தாமதம்கூடப் பெரிய தாமதமாகிவிடும்.