அச்சில் விழுந்த பிழையா, ஆள் செய்த வேலையா?

அரிசி, பருப்பு, எண்ணெய் என்று சரக்குகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் நாம், அந்தச் சரக்கை விற்று வாங்கும் ரூபாய் நோட்டைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. நோட்டுக்கு நோட்டு சிறு வேறுபாடு இருப்பதைக் கல்லாவில் உட்காரும் எல்லோரும் பார்த்திருப்போம். அது அச்சகத்தில் உண்டானதா, வெளியில் ஆள் கைவைத்ததா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால் நமக்கு இரண்டு வழியில் நட்டம். நல்ல நோட்டைச் செல்லாது என்று திருப்பி அனுப்பி வாடிக்கையாளரை இழக்கிறோம். அல்லது, 'அச்சுப் பிழை நோட்டு, லட்சம் பெறும்' என்று எவரோ சொன்னதை நம்பி நல்ல பணத்தைக் கொடுத்து ஒன்றுக்கும் உதவாததை வாங்குகிறோம்.

முதல் நட்டத்தை எடுத்துக்கொள்வோம். வீராம்பட்டினத்தில் மீன் விற்கும் அம்மா ஒருவர் ஐந்நூறு ரூபாய் நோட்டுடன் என் கடைக்கு வந்தார். இரண்டு மளிகைக் கடைகளில் வாங்க மறுத்துவிட்டார்களாம். "ஏலத்துல கைக்கு வந்த காசு முதலாளி, நானா அடிச்சேன்?" என்று கேட்டார். நோட்டின் எண்ணுக்கு நடுவில் ஒரு நட்சத்திரக் குறி இருந்தது. மறுத்ததற்கு அதுதான் காரணம். அது முழுக்க நல்ல நோட்டு. நூறு நோட்டு கொண்ட கட்டில் ஒன்று அச்சில் கெட்டுப்போனால், அதை எடுத்துவிட்டு அதன் இடத்தில் நட்சத்திரம் போட்ட நோட்டை வைக்கிறார்கள். 10, 20, 50 ரூபாய் நோட்டுகளில் 2006-ல் இந்த முறை வந்தது. 2016 டிசம்பரில் புதிய 500 ரூபாயிலும் வந்தது. இது கள்ளநோட்டு என்று வதந்தி பரவியதால், செல்லும் என்று ரிசர்வ் வங்கியே 2023 ஜூலையில் அறிவிக்க வேண்டியதாயிற்று. பத்து ரூபாய் நாணயத்துக்கும் இதே கதிதான். அதில் 14 வடிவங்கள் வெளிவந்திருக்கின்றன, எல்லாம் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி சொன்னது. ரூபாய்க் குறி உள்ளது, இல்லாதது, பத்துக் கதிர், பதினைந்து கதிர் எல்லாம் அதில் அடக்கம். அதற்குப் பிறகும் அதை வாங்க மறுக்கும் கடைகள் நம் பக்கத்தில் இருந்தன. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

இவை வெளியிட்டவர்களே அறிந்து செய்த மாற்றங்கள். பழைய நோட்டு சேர்ப்பவர்கள் முதலில் தேடுவதும் இவற்றைத்தான். எண் இருக்கும் கட்டத்தின் பின்னணியில் மங்கலாக ஓர் ஆங்கில எழுத்து இருக்கும், சிலவற்றில் இராது. 2005 முதல் பின்பக்கம் அச்சிட்ட ஆண்டு இருக்கும். கையெழுத்து ஆளுநருக்கு ஆளுநர் மாறும். ஒரு ரூபாய் நோட்டில் மட்டும் ஆளுநர் கையெழுத்து இராது, நிதித்துறைச் செயலாளர் கையெழுத்துதான். அது மத்திய அரசின் நோட்டு. 1994-ல் நின்ற ஒரு ரூபாய் நோட்டு 2015-ல் மறுபடி வந்தபோது, இதைக் கண்டு பலர் சந்தேகப்பட்டார்கள்.

இன்னும் பழையவற்றில் சுவையான மாற்றங்கள் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் நம் நோட்டைப் போலவே நேர்த்தியாகக் கள்ளநோட்டு அடித்தார்கள். அதனால் நீரோட்டக் குறியை மாற்றினார்கள். பக்கவாட்டில் பார்த்த ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முகம், பின்னால் வந்த நோட்டில் நேராகத் திரும்பியது. பாதுகாப்பு இழை இந்திய நோட்டுக்குள் முதன்முதலாக வந்ததும் அப்போதுதான். சுதந்திரத்துக்குப் பின் நோட்டில் இந்தி எழுத்து வந்தபோது 'ருபயா' என்று ஒருமையில் போடுவதா, 'ருபயே' என்று பன்மையில் போடுவதா என்று விவாதம் நடந்து, பன்மையே நிலைத்தது. பழைய இரண்டு ரூபாய் நோட்டில் 'தோ ருபயா' என்று இருந்தால் அது பிழை நோட்டு அல்ல, முந்திய பதிப்பு. ஒரு வேறுபாடு ஒரு வரிசை முழுவதிலும் ஒரே மாதிரி இருந்தால் அது மாற்றம். ஒற்றை நோட்டில் மட்டும் இருந்தால்தான் பிழையா, ஆள் வேலையா என்ற கேள்வியே எழும்.

அதற்கு விடை காண, நோட்டு எப்படி அச்சாகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பெரிய தாளில் பல நோட்டுகளைச் சேர்த்தே அடிப்பார்கள். முதலில் பின்னணிக் கோலங்களும் வண்ணங்களும். பிறகு செதுக்கிய தகட்டில் மை நிரப்பி, மிகுந்த அழுத்தத்தில் காந்தி படம் முதலியவை. 100, 500 ரூபாயில் விரலால் தடவினால் மேடு தட்டுவது இதனால்தான். அதன்பின் எண் அடிப்பு, கடைசியில் வெட்டு. உண்மையான பிழை எதுவானாலும் இந்தப் படிகளில் ஒன்றில் விழுந்திருக்க வேண்டும். எண் தனியாக அச்சாவதால் எண்ணே இல்லாத நோட்டும், இரண்டு பக்கமும் வெவ்வேறு எண் உள்ள நோட்டும் வருவது நடக்கக்கூடியதே. தாள் மடிந்து போய் அதன்மேல் அச்சு விழுந்தால், மடிப்பைப் பிரிக்கும்போது நடுவில் வெள்ளைக் கீற்று தெரியும்; அக்கீற்றின் இருபுறமும் படம் விலகி நிற்கும். மூலை மடிந்த நிலையில் வெட்டு விழுந்திருந்தால், பிரித்தபின் அந்த மூலையில் காகிதம் கூடுதலாக நீட்டிக்கொண்டிருக்கும்.

ஆள் செய்த வேலையில் இந்தக் கணக்கு இடிக்கும். 'வெட்டுப் பிழை' என்று ஒருவர் கொண்டுவந்தால், அதே மதிப்புள்ள சாதாரண நோட்டின் மேல் வைத்துப் பாருங்கள். இப்போதைய 500 ரூபாய் 150 மில்லி மீட்டர் நீளம், 66 மில்லி மீட்டர் அகலம். நோட்டு சிறுத்திருந்தால் கத்தரிக்கோல் வேலை என்று சந்தேகப்படுங்கள். உண்மையான வெட்டுப் பிழையில் படம் நகர்ந்திருக்கும், பெரும்பாலும் ஓரத்தில் பக்கத்து நோட்டின் துண்டும் தெரியும். 'மை விழாத நோட்டு' என்றால் சாய்வான வெளிச்சத்தில் பிடியுங்கள். ரப்பரால் தேய்த்த இடத்தில் காகித நார் கிளம்பியிருக்கும். திரவம் போட்டு மை எடுத்த இடத்தில் நிறம் போயிருந்தாலும், தகடு அழுத்திய மேடு பள்ளம் காகிதத்தில் பெரும்பாலும் தங்கியிருக்கும். மையே விழவில்லை என்பவர் அந்த மேடு எங்கிருந்து வந்தது என்று சொல்லட்டும். 786 என்று முடியும்படி எண்ணைச் சுரண்டித் திருத்துவதும் உண்டு. பூதக்கண்ணாடியில் பக்கத்து எண்களின் மை, உயரம், இடைவெளி ஆகியவற்றோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

கள்ளநோட்டு விளக்கு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. நல்ல நோட்டின் காகிதம் அந்த ஒளியில் மங்கலாகவே இருக்கும், எண் போன்ற சில பகுதிகள்தான் ஒளிரும். ஆனால் சட்டைப் பையோடு சோப்புத்தூளில் துவைபட்ட நல்ல நோட்டும் நீலமாக மின்னும். உப்பு நீரிலும் மீன் கூடையிலும் கிடந்த நோட்டின் நிறமும் மாறும். நம் ஊரில் இப்படிப்பட்ட நோட்டு தினமும் வரும். விளக்கை மட்டும் நம்பாமல் இழை, நீரோட்டக் குறி, மேடு ஆகியவற்றையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

புதுச்சேரிக் குடும்பங்கள் சிலவற்றில் பிரெஞ்சுக் காலத் தபால்தலைகள் டிரங்குப் பெட்டியில் கிடக்கின்றன. அவற்றிலும் இதே வேலை நடக்கிறது. 1940 செப்டம்பரில் பிரெஞ்சிந்தியா சுதந்திர பிரான்ஸ் பக்கம் சேர்ந்த பிறகு, இருப்பில் இருந்த தபால்தலைகளின் மேல் 1941 முதல் 'பிரான்ஸ் லீப்ர்' என்று மேலச்சு போட்டார்கள். மேலச்சு உள்ளதற்கு மதிப்பு அதிகம் என்பதால், சாதாரணத் தலையில் பின்னாளில் போலியாக அச்சடித்துவிடுகிறார்கள். அஞ்சல் முத்திரை குத்திய தலையானால் மையைக் கவனியுங்கள். முறைப்படி மேலச்சு கீழே, முத்திரை மேலே இருக்க வேண்டும். முத்திரையின் மேல் மேலச்சு ஏறியிருந்தால் அது போலி.

ஆடித் தேர் சமயத்தில் கூட்டம் கூடும்போதும், கைப்பேசியில் விளம்பரம் பார்த்தும் சிலர் இந்த வியாபாரத்துக்கு வருவார்கள். பழைய நோட்டை விற்றுத் தருகிறோம், கட்டணம் கட்டுங்கள் என்று ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே ஏமாற்றுவதாக அந்த வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. தங்களுக்கும் அந்த வாங்கல் விற்றலுக்கும் தொடர்பில்லை என்றும் சொல்லிவிட்டது. முன்பணம் கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

சந்தேக நோட்டு கல்லாவில் விழுந்துவிட்டால் அடுத்தவர் தலையில் கட்டாதீர்கள். தெரிந்தே கொடுப்பது குற்றம். வங்கியில் கொடுத்தால், கள்ளநோட்டு என்று உறுதியானதற்கு மதிப்பு கிடைக்காது, ஆனால் ஒப்புகைச் சீட்டு தருவார்கள். உண்மையான அச்சுப் பிழை என்று தெரிந்தால் மடிக்காமல், பின் குத்தாமல் ஒரு காகித உறையில் வையுங்கள். லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள். பிளாஸ்டிக் ஒட்டிய நோட்டைத் தடவிப் பார்க்க முடியாது, சேகரிப்பவர்களும் அதைத் தொடமாட்டார்கள்.