காப்பி நீரின் வெப்பமும் மலையின் உயரமும்

காப்பி என்னும் பானம் தமிழகத்து இல்லங்களில் பெற்றுள்ள சிறப்பினை யாவரும் அறிவர். அதன் சுவை கொட்டையின் இனத்தையும், வறுவலின் பதத்தையும், தூளின் பருமனையும் பொறுத்தது என்பதும் பலர் அறிந்ததே. ஆயின், தூளினூடே செல்லும் நீரின் வெப்பம் சுவையை எங்ஙனம் ஆளுகின்றது என்பதையும், அவ்வெப்பத்தைப் பிழையின்றி அளக்குமாறு யாது என்பதையும் ஆராய்வார் சிலரே. போடிநாயக்கனூரிலும் அதன் மேற்கே எழும் ஏலமலைச் சரிவுகளிலும் வாழ்வார்க்கு இவ்வாராய்ச்சி பிறரினும் மிகுதியாக வேண்டப்படும். அதன் காரணத்தை ஈண்டு விளக்குவாம்.

நம் நாட்டு வடிகட்டியில் நீர் தன் எடையாலேயே தூளினூடே மெல்ல இறங்குகின்றது. எஸ்பிரெஸோ என்னும் இத்தாலிய முறையிலோ நீர் அழுத்தத்தால் உந்தப்படுகின்றது. மிலான் நகரத்து லூயிஜி பெஸேரா என்பார் 1901-ஆம் ஆண்டிலேயே இவ்வகைப் பொறிக்குக் காப்புரிமை வேண்டினார். இன்று இல்லங்களில் வழங்கும் சிறு பொறிகளில், மின்விசைப் பம்பு வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 9 மடங்கு அழுத்தத்தோடு நீரைச் செலுத்த, 25 அல்லது 30 விநாடிகளில் காப்பி வடிந்துவிடுகின்றது. காலம் இத்துணைக் குறுகியதாதலின், வெப்பத்தில் நேரும் சிறு வேறுபாடும் நாவிற்குப் புலனாகும். வெப்பம் குறையின் காப்பி மெலிந்து புளிப்பு மேலோங்கும். மிகின் கசப்பும் துவர்ப்பும் விஞ்சும். 90 முதல் 96 வரையுள்ள சென்டிகிரேடு பாகைகளே தக்க எல்லையென இக்காலத்தார் பெரும்பாலும் கொள்வர்.

இனி, எவ்விடத்து நீரின் வெப்பத்தை அளத்தல் வேண்டும்? கொதிகலத்து நீரின் வெப்பம் வேறு. தூளை வந்தடையும் நீரின் வெப்பம் வேறு. இடையிலுள்ள உலோகப் பகுதிகள் குளிர்ந்திருப்பின் அவை வெப்பத்தைக் கவர்ந்துகொள்ளும். அன்றியும், எளிய பொறிகளில் உள்ள வெப்ப ஒழுங்கி ஓர் எல்லையில் மின்சாரத்தை நிறுத்தி, நீர் பல பாகைகள் குளிர்ந்த பின்னரே மீண்டும் அதனைச் செலுத்துகின்றது. ஆகவே, விளக்கு அணைந்தவுடன் வடித்த காப்பியும், சில நிமிடங்கள் கழித்து வடித்த காப்பியும் ஒரே பொறியினின்று வந்தனவேனும் சுவையில் வேறுபடும்.

நீரைத் திறந்த கிண்ணத்தில் வடித்து அதில் வெப்பமானியை இடுதலும் முற்றிலும் பொருந்தாது. வீழும் நீர் காற்றாலும் கிண்ணத்தாலும் குளிர்கின்றது. மேலும், மூடிய கலத்தில் அழுத்தத்தின்கீழ் கொதிநிலையைக் கடந்து நின்ற நீர், வெளிப்பட்டவுடன் ஒரு பகுதி ஆவியாகித் தன் வெப்பத்தை இழக்கும். ஆதலின், தூளின் மேற்பரப்பிலேயே அளத்தல் வேண்டும். இதற்கு உதவுவது, இருவேறு உலோகக் கம்பிகளை முனையில் இணைத்துச் செய்த வெப்ப இரட்டை என்னுங் கருவியாகும். இதன் அடிப்படையான இயல்பினைச் சீபெக் என்னும் அறிஞர் 1821-ஆம் ஆண்டில் கண்டறிந்தார். மெல்லிய கம்பியைச் சல்லடைக் கிண்ணத்தின் விளிம்பின்மேல் செலுத்தி, அதன் முனை தூளைத் தொட்டும் தொடாமலும் இருக்குமாறு வைத்துப் பொறியில் பூட்டல் வேண்டும். கம்பி செல்லும் இடைவெளியிற் கொதிநீர் பீறிடக்கூடுமாதலின், முகமும் கையும் விலகியிருத்தல் நன்று. ஒருமுறை அளந்ததோடு அமையாது, விளக்கு அணைந்த கணத்திலும், அதன்பின் ஒவ்வொரு நிமிடத்திலும் அளந்து குறித்துக்கொள்ளின் அப்பொறியின் இயல்பு விளங்கிவிடும்.

அளக்குங் கருவி மெய்யானதா என்பதே அடுத்த வினா. கொதிக்கும் நீரில் அதனை இட்டு 100 பாகை காட்டுகின்றதா எனப் பார்ப்பது வழக்கம். கடற்கரை ஊர்களுக்கு இது பொருந்தும், மலைக்குப் பொருந்தாது. உயரம் மிகுந்தோறும் காற்றின் அழுத்தம் குறைதலின், ஏறத்தாழ 1,000 அடிக்கு 1 பாகை வீதம் கொதிநிலை தாழ்கின்றது. கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,150 அடி உயரத்திலுள்ள போடிநாயக்கனூரில் நீர் சற்றேறக்குறைய 99 பாகையிற் கொதிக்கும். அங்கிருந்து கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஏறத்தாழ 4,500 அடி உயரத்துப் போடிமெட்டினை அடைந்தால், 95½ பாகையிலேயே கொதித்துவிடும்.

1835-ஆம் ஆண்டில் ஆண்டிஸ் மலையைக் கடந்த சார்லஸ் டார்வின், நெடுநேரம் நீரிற் கொதித்தும் உருளைக்கிழங்கு வேகாமையைக் கண்டார். அவருடன் சென்றோர் புதிய பானையின்மேற் பழி சுமத்தினர். அவரோ, உயரமே காரணம் என உணர்ந்தார். போடிமெட்டில் தன் வெப்பமானி 95½ எனக் காட்டக் கண்டு, அதனைப் பொய்யென்று எண்ணி 100 காட்டுமாறு திருத்துவோனும் அப்பானையைப் பழித்தோரை ஒப்பான். அதன்பின் கருவி 93 காட்டும்போது உண்மை வெப்பம் 88½ ஆகவே இருக்கும். காப்பி புளிக்கும். அவன் தன் சரிவிலேயே விளைந்த கொட்டையையும், அதனை விற்றவனையும் குறை கூறுவான். குற்றமோ கொட்டையிலும் இல்லை, விற்றவனிடத்தும் இல்லை.

இதற்கு மாற்று எளிது. உருகும் பனிக்கட்டி, போடியாயினும் போடிமெட்டாயினும் 0 பாகையையே காட்டும். உயரத்தால் அதில் நேரும் வேறுபாடு கருதத்தக்கதன்று. முதலில் பனிக்கட்டியிலும், பின்னர் அவ்வூரின் உயரத்திற்குரிய கொதிநிலையிலும் கருவியைச் சோதித்தல் வேண்டும்; இவ்விரண்டிலும் ஒத்திருப்பின் அதனை நம்பலாம்.

பொறியில்லாத இல்லத்தார்க்கும் இவ்வறிவு பயன்படும். கீழே போடியில், கொதித்த நீரைச் சிறிது பொறுத்து வடிகட்டியில் வார்க்கலாம். மேலே மெட்டில், கொதித்தவுடனே வார்த்தல் வேண்டும். பொறுப்பின் தூளுக்கு வேண்டிய வெப்பம் கிட்டாது.

கள்ளத் தராசினை நம் திருமறை கடிகின்றது. மெய்யான கருவியை அறியாமையாற் பொய்யாக்குதலும் விலக்கத்தக்கதே. ஏலமும் காப்பியும் எடையிட்டு விற்கப்படும் அம்மலைநாட்டில், தாம் நிற்கும் உயரத்தை முதற்கண் அறிந்து, பின்னரே கருவியையும் கொட்டையையும் பிறரையும் குறித்துத் தீர்ப்புக் கூறுதல் முறையென்பது எமது துணிபு.