பழைய இரும்பு – 9: ஜோடி மாறாத பெட்டி

போன வாரக் கதையை, இன்ஜினைப் பிரித்துப் பாகங்களைத் தார்ப்பாயில் பரப்பியதோடு நிறுத்தியிருந்தேன். பிரித்த அன்று ராத்திரியே உட்கார்ந்து, வாங்க வேண்டிய சாமான்களுக்குப் பட்டியல் போட்டேன். 41 வரி வந்தது. முப்பதுக்குக் கடையிலோ பட்டறையிலோ வழி இருந்தது. மிச்சம் பதினொன்றுக்காக ஐந்து மாதம் அலைந்தேன். அந்தப் பதினொன்றில் ஒன்றுதான் இன்ஜினின் கீழ்ப்பெட்டி. அது கிடைக்காமல் வண்டியையே கைவிட்டுவிடலாமா என்றுகூட ஒரு கட்டத்தில் யோசித்தேன்.

இந்த வாரம்தான் தொடரைக் கையில் எடுத்தவர்களுக்கு வண்டியைப் பற்றிக் கொஞ்சம். ராஜ்தூத் 350. யமஹாவின் ஆர்.டி.350-ஐ எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983-லிருந்து இங்கே தயாரித்து விற்றது. 347 சி.சி., இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். முதலில் வந்த ‘எச்.டி.’க்கு 30.5 குதிரைத்திறன், பின்னால் வந்த ‘எல்.டி.’க்கு 27. ஜப்பான் வண்டியின் முன்சக்கரத்தில் இருந்த டிஸ்க் பிரேக் இங்கே வரவில்லை. இரண்டு சக்கரத்துக்கும் டிரம்தான். 1985-ல் ஹீரோ ஹோண்டா சி.டி.100 வந்து, வண்டி வாங்குகிறவர்கள் எல்லாம் பெட்ரோல் கணக்குப் பார்க்கத் தொடங்கினார்கள். தொண்ணூறு பிறக்கும் நேரத்தில் ராஜ்தூத் 350 நின்றே போனது. குறைவாகச் செய்யப்பட்டு, சீக்கிரமே நின்றுபோன வண்டி என்பதால் சாமான் தட்டுப்பாடு புல்லட்டைவிட இதற்குப் பல மடங்கு அதிகம்.

முதலில் சென்னை ஜி.பி. ரோடு. ஏறிய கடையில் எல்லாம் “ஆர்.டி.க்கு ஒண்ணும் இல்லை சார்” என்றார்கள். மூன்றாம் நாள் என் மெக்கானிக் அண்ணன் சொன்னார்: “வண்டி பேரைச் சொல்லிக் கேக்காதீங்க. நம்பரைச் சொல்லிக் கேளுங்க.”

அவர் சொன்னதன் அருமை, பாகப் பட்டியல் புத்தகத்தோடு உட்கார்ந்தபோது புரிந்தது. அந்தக் கால யமஹா சாமான் நம்பரை மூன்று துண்டாகப் பிரித்துப் படிக்க வேண்டும். முதல் மூன்று இலக்கம், அந்தப் பாகம் எந்த மாடலுக்காக முதலில் வரையப்பட்டதோ அந்த மாடலின் குறியீடு. நடுவில் உள்ள ஐந்து இலக்கம் பாகத்தின் வகை. 11631 என்றால் எந்த யமஹாவாக இருந்தாலும் பிஸ்டன்தான். கடைசி இரண்டு, எத்தனை முறை திருத்தினார்கள் என்பதற்கு. 931, 932, 933 என்று தொடங்கினால் அது ஆயில் சீல், ஓ ரிங், பேரிங் மாதிரி பல மாடலுக்கும் பொதுவான சாமான். ஆகவே ஆர்.டி.க்குள் இருக்கும் எத்தனையோ பாகங்கள் வேறு மாடலின் குறியீட்டோடு, வேறு மாடலின் அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்கின்றன. நம்பரை எழுதிக் கொண்டுபோய் நீட்டியபோது, இல்லை என்று கைவிரித்த அதே கடையில் பரணிலிருந்து ஒரு டப்பா இறங்கியது. கிக்கர் ஸ்பிரிங், கிளட்ச் புஷ் ராடு, கார்புரேட்டர் ஜெட் உட்பட நான்கு வரியை ஒரே மத்தியானத்தில் அடித்தேன்.

பேரிங்குக்கு இன்னும் சுலபமான வழி உண்டு. அதன் வளையத்திலேயே நம்பர் பொறித்திருக்கும். 6205 என்று இருந்தால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்குங்கள்: உள்விட்டம் 25 மி.மீ. கூடவே சி3 என்று இருந்தால், சூட்டில் விரிவதற்காக உள்ளே கொஞ்சம் கூடுதல் இடைவெளி விட்ட பேரிங். இன்ஜினுக்குள் போவதற்கு அந்த சி3-ஐ விட்டுவிடக் கூடாது. பாரிமுனைப் பக்கத்து பேரிங் கடைகளில் இதற்கு வண்டியின் பெயரே தேவையில்லை. கிராங்க்கின் மெயின் பேரிங் மட்டும் இந்தக் கணக்கில் வராது. அது இடம் மாறாமல் நிற்க வெளிவளையத்தில் ஒரு சின்ன பின் இருக்கும். அளவு சரியாக இருக்கிறதே என்று பின் இல்லாத பேரிங்கைப் போட்டால் பெட்டிக்குள் வளையமே சுழன்று பெட்டியைத் தின்றுவிடும்.

ஆயில் சீல் விஷயத்தில் ஒரு தவறு செய்தேன். கையொப்பம் மாதிரி யமஹா முத்திரை போட்ட, பிரிக்கவே பிரிக்காத பழைய பாக்கெட் ஒன்று கிடைத்தது. கேட்ட விலையைக் கொடுத்து வாங்கி வந்தேன். மெக்கானிக் அண்ணன் அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். முப்பது வருடத்தில் ரப்பர் மரமாக இறுகியிருந்தது. டூ ஸ்ட்ரோக் இன்ஜின் மூச்சை இழுப்பதே கிராங்க் பெட்டி வழியாகத்தான். இந்த வண்டியில் ஆல்டர்னேட்டர் இருக்கும் இடது பக்க சீல் கசிந்தால் வெறுங்காற்று உள்ளே புகுந்து, பெட்ரோல் பங்கு குறைந்து, பிஸ்டன் சூடேறி இறுகிப் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் இருக்கும் வலது பக்கம் கசிந்தால் கியர் ஆயிலைக் குடித்து வெள்ளைப் புகை கக்கும். இரும்புச் சாமான் என்றால் பழைய ஒரிஜினலைத் தேடிப் போங்கள். ரப்பர் என்றால் இன்று செய்ததை, சூட்டையும் பெட்ரோலையும் தாங்கும் விட்டான் ரகத்தில் வாங்குங்கள். என் பழைய பாக்கெட் இன்னும் அலமாரியில் அப்படியே இருக்கிறது.

பிறகு புதுப்பேட்டை. கூவம் ஓரத்து அந்தச் சந்துகளில் எதைத் தேடிப் போனாலும் கால் நாள் நின்று பார்த்துவிட்டுத்தான் நான் கேட்கவே ஆரம்பிப்பேன். ஆட்டோலூப் பம்ப் முதல் கடையிலேயே கிடைத்தது. பலரும் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டியவர்கள் என்பதால் பம்ப் தேயாமலே இருந்தது. சிலிண்டர் ஒரு ஜோடி பார்த்தேன். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே போர்ட்டுகள் அரத்தால் உயர்த்தப்பட்டிருந்தன. பந்தயத்துக்காகச் செய்த வேலை. சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில் இந்த வண்டிதான் பையன்களின் கனவு. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக் வந்த பிறகு அந்த ஓடுதளம் ஓய்ந்தது. அந்த சிலிண்டரைத் தொட்டபோது யாரோ ஒருவர் ராத்திரி முழுக்க உட்கார்ந்து ராவியதை விரலில் உணர முடிந்தது. ஆனால் ரோட்டில் ஓட்டும் வண்டிக்கு அது ஆகாது. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

இனி கீழ்ப்பெட்டிக்கு வருகிறேன். என் வண்டிக்கு முன்பு ஒருநாள் ஓட்டத்தில் செயின் அறுந்திருக்கிறது. அறுந்த செயின் முன் ஸ்ப்ராக்கெட்டில் சுருண்டு, பெட்டியின் சுவரை உடைத்து விரல் நுழையும் ஓட்டை போட்டிருந்தது. யாரோ எம்-சீல் வைத்து அடைத்திருந்தார்கள்.

புதுப்பேட்டையில் ஒரு பாய் உதவ முன்வந்தார். “தம்பி, கீழ்ப்பெட்டி தனியா இருக்கு, எடுத்துக்க.”

“மேல்பெட்டி எங்க பாய்?”

“அது போன வருஷமே போயிடுச்சு.”

ஓட்டையில்லாத, அழகான பெட்டி. வாங்கும் முடிவோடு அண்ணனுக்குப் போன் போட்டேன். வாங்காதீங்க என்று ஒரே வார்த்தையில் சொன்னார். இந்த இன்ஜினில் பெட்டி மேல், கீழ் என்று படுக்கைவசத்தில் பிளந்து வரும். கிராங்க்கும் கியர் ஷாஃப்டுகளும் இரண்டு பாதிக்கும் நடுவில்தான் உட்கார்கின்றன. தொழிற்சாலையில் இரண்டு பாதியையும் போல்ட் போட்டு ஒன்றாக்கிய பிறகுதான் பேரிங் இருக்கைகளைக் குடைகிறார்கள். அதனால் ஒரு பெட்டியின் மேல்பாதிக்கு அதன் கீழ்ப்பாதி மட்டுமே ஜோடி. வேறு பாதியை வைத்தால் வட்டம் வட்டமாக இராது. அழுத்திப் பொருத்திய கிராங்க்கின் தள்ளாட்டம் 0.03 மி.மீ.க்குள் இருக்க வேண்டிய இடத்தில், கண்ணுக்குத் தெரியாத அந்தப் பிசகு பேரிங்கைச் சில மாதங்களில் கொன்றுவிடும்.

அப்படியானால் ஜோடியாகவே வாங்கலாமே என்றால், இன்ஜின் நம்பர் அடித்திருப்பது அந்தப் பெட்டியில்தான். நம்பர் இருக்கிற பெட்டிக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார், அல்லது இருந்தார். ஆர்.சி. இல்லாமல் அதை வாங்குவது திருட்டு வண்டியின் பாகத்தை வீட்டுக்குள் கொண்டுவருவதாகக்கூட முடியலாம். 15 வருடம் தாண்டிய வண்டியை ஐந்தைந்து வருடத்துக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் புதுப்பிக்க வேண்டும். அங்கே நம்பர் பொருந்தாவிட்டால் வண்டி வீட்டோடுதான். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் பதிவு விதி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்த வண்டிகளுக்குத்தான். 1983 வண்டிக்கு அதற்கு 2033 வரை பொறுக்க வேண்டும்.

இந்த நிலையில்தான் தெரிந்தவர் ஒருவர் மூலம் செய்தி வந்தது. சேலத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டு வீட்டுத் திண்ணையில் முழு வண்டி. ஆர்.சி. கையில். ஓட்டியவர் காலமாகிவிட்டார், அவர் மகனுக்கு வண்டியில் ஈடுபாடில்லை. “நீங்க வேணுங்கிறதைப் பிரிச்சு எடுத்துக்கோங்க, மிச்சத்தை எடைக்குப் போட்டுக்கிறேன்” என்றார். விலையும் என் கைக்கு எட்டியது. கிக்கரைக் காலால் மெல்ல அழுத்தினேன். இரண்டு சிலிண்டரிலும் அழுத்தம் இருந்தது. சைடு பாக்ஸ், மீட்டர், டேங்க் மூடி எல்லாம் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்தன. ஒரு பெட்டிக்காக அதைப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. இந்த வண்டிகள் இவ்வளவு அரிதானதற்குக் காரணம் உற்பத்தி நின்றது மட்டும் கிடையாது. ஒன்றை ஓடவைக்க ஒன்றைப் பிரித்துப் பிரித்தே பாதியைத் தொலைத்தோம். அவரிடம் அதைச் சொன்னேன். வாங்கி ஓட்டுகிற ஆளைப் பிடித்துத் தருகிறேன் என்றும் சொன்னேன். ஏழு வாரத்தில் ஈரோட்டிலிருந்து ஒரு இளைஞர் வந்து முழுசாக எடுத்துப் போனார்.

என் பெட்டிக்கு வழி கோயம்புத்தூரில் ஒரு வெல்டிங் பட்டறையில் கிடைத்தது. நாற்பது வருட ஆயில் ஊறிய அலுமினியம் உடனே வெல்டிங்கை ஏற்காது. முதலில் பட்டறைக்காரர் பெட்டியைச் சூடேற்றி, ஊறியிருந்த ஆயிலைக் கசிய வைத்துத் துடைத்தார். இதையே நாலு தடவை செய்தார். பிறகு இரண்டு பாதியையும் சேர்த்து போல்ட் முடுக்கி, பேரிங் இருக்கைகளில் கழிவு பேரிங்குகளை வைத்து, சூட்டில் வடிவம் கோணாதபடி கட்டிக்கொண்டார். அதற்கப்புறம்தான் ஆர்கான் வெல்டிங். ஓட்டையைச் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக உலோகத்தை வளர்த்து மூடி, ஆறவிட்டு, மட்டம் சீவிக் கொடுத்தார். முழுசாக இரண்டு நாள். கண்ணாடித் தட்டில் வைத்துப் பார்த்தபோது பெட்டியின் முகம் ஆடவில்லை.

பட்டியலில் இன்னும் ஒரு வரி பாக்கி: பிஸ்டன். அதைப் பற்றி அடுத்த வாரம். அதற்குள் அவசரப்படுகிறவர்களுக்கு ஒன்று: பிஸ்டன் கைக்கு வரும் முன் சிலிண்டரை போர் போடக் கொடுத்துவிடாதீர்கள். பிஸ்டன் 0.25 மி.மீ. படிகளில்தான் வரும், கிடைக்கிற அளவுக்குத்தான் சிலிண்டரைக் குடைய வேண்டும்.

உங்கள் வீட்டிலோ உறவிலோ இப்படி ஒரு வண்டி சாக்கு போர்த்தி நிற்கிறதா? ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுத்து பத்திரப்படுத்துங்கள். விற்பதாக இருந்தால் முழுசாக, ஓட்டப்போகிறவருக்கே விற்றுவிடுங்கள்.

(தொடரும்)